காடு அழிந்தபின் கழனி வாழுமோ?

மட்டக்களப்பு நகரிலிருந்து கல்முனை நோக்கிச் செல்லும் பெருவீதியில், வடக்கே மாங்காடும் தெற்கே களுதாவளையும் காவல் நிற்க, நடுவே அமைந்த பழம்பெரும் ஊர் தேற்றாத்தீவு. கிழக்கே கடல், மேற்கே வாவி, இரண்டிற்கும் இடையே ஒடுங்கிய மணற்றிடல். அத்திடலுக்கு ஒரு மரமே பெயர் ஈந்தது என்பர் ஊரார். தேற்றாமரத்தின் கொட்டையை மட்குடத்தின் உட்புறத்தில் உரைத்துக் கலங்கல் நீரை வார்த்து வைத்தால், சேறு அடியிற் படியும். நீர் மேலே தெளியும். நீரைத் தேற்றுவதாற் பெற்ற பெயர் அது. கலித்தொகைக் காலத்துப் புலவனுக்கும் இவ்வுண்மை தெரிந்திருந்தது. 'இல்லம்' என்ற பெயரால் அம்மரத்தின் வித்தை அவன் குறித்திருக்கிறான். ஊருக்குப் பெயரிட்ட நம் முன்னோர் மன்னனின் பெயரைத் தேடி அலையவில்லை. தமது குடிநீரைத் தெளிவித்த மரத்தையே நன்றியோடு நினைந்தனர்.

இன்று அவ்வூர்ப் பள்ளிச் சிறுவரை அழைத்து, "தம்பி, உன் ஊருக்குப் பெயர் தந்த மரத்தைக் காட்டு" என்றால், காட்ட வல்லவர் எத்தனை பேர்? அச்சிறுவரைக் குறைகூற நாம் முன்வரவில்லை. மரத்தை மறந்தவர் மூத்தோராகிய நாமே. மரத்தை மறந்து, அது நின்ற காட்டை மறந்து, காட்டினால் வாழும் நீரையும் மறந்து, ஊர்ப் பெயரை மட்டும் வீதியோரப் பலகையில் எழுதி வைத்திருக்கிறோம்.

இவ்வளவில் நின்றிருந்தால் மறதி என்று விட்டுவிடலாம். ஆனால், "காட்டைக் காப்பது கமக்காரனுக்கு விரோதம், மரமா மனிதனா என்றால் மனிதனே முதலில்" என்ற உபதேசம் இப்பொழுது மேடையேறியிருக்கிறது. கேட்பதற்கு இனிய உபதேசம்! உழவர்மீது பரிவு பொங்கும் உபதேசம்! அது முழுப் பொய் என்பதை உழவரின் கணக்கைக் கொண்டே நிறுவ முன்வருகிறோம். காடு உழவனின் முதற் குளம். அக்குளத்தை உடைத்துவிட்டு வயலிற் கட்டும் வரம்பு எதுவும் நிலைக்காது.

முகத்துவாரத்துச் சண்டை

மாரிதோறும் மட்டக்களப்பார் காணும் காட்சி ஒன்றுண்டு. மழை கொட்டுகிறது. மேற்கே மேட்டுநிலங்களிற் பிறக்கும் ஆறுகள் பெருகி வருகின்றன. வாவி நிரம்பிப் படுவான்கரையின் பள்ள வயல்களுக்குள் ஏறுகிறது. "முகத்துவாரத்தை வெட்டுங்கள், வெள்ளாமை அழிகிறது" என்று உழவர் கச்சேரிக்கு ஓடுகின்றனர். "வெட்டாதீர்கள்; வாவி நீர் வற்றினால் எங்கள் தொழில் கெடும்" என்று மீனவர் எதிர்நிற்கின்றனர். இரு திறத்தாரும் உழைப்பாளிகள். இரு திறத்தாரும் தமது சோற்றுக்காகவே பேசுகின்றனர். நடுவில் அதிகாரிகள் பாலமீன்மடு மணற்றிடரில் இயந்திரத்தை நிறுத்தி வைத்துக்கொண்டு, யார் சொல்லைக் கேட்பதென்று தடுமாறுகின்றனர்.

இச்சண்டையின் வேர் முகத்துவாரத்தில் இல்லை. அது பல கல் தொலைவில், ஆறுகள் பிறக்கும் மேட்டுநிலத்தில் இருக்கிறது. காடுள்ள மேட்டில் விழும் மழையின் வேகத்தை இலை தணிக்கிறது, சருகு தாங்குகிறது, வேர் துளைத்த மண் உறிஞ்சுகிறது. எஞ்சியது நிதானமாக ஓடைக்கு வந்து சேர்கிறது. காடு வெட்டுண்ட மேட்டிலோ மழைத்துளி நேரே மண்ணில் அறைகிறது. மேல்மண்ணைக் கரைத்துக்கொண்டு ஒரே மூச்சில் ஆற்றுக்குப் பாய்கிறது. பெருமழை முழுவதையும் எந்தக் காடும் விழுங்கிவிடாது. 2011 தையிற் கிழக்கை மூழ்கடித்து வயல்களை நாசஞ்செய்த வெள்ளம் போன்றதை மரங்கள் மட்டும் தடுத்திருக்கும் என்று சொல்லி வாசகரை ஏமாற்ற நாம் விரும்பவில்லை. ஆனால் ஆண்டுதோறும் வரும் மாரியை வெள்ளமாக்குவதும் நீர்வளமாக்குவதும் மேட்டுநிலக் காட்டின் கையில் உள்ளன.

கரைந்து வந்த மண் எங்கே போகிறது? ஒரு பகுதி குளங்களின் அடியிற் படிகிறது. குளத்தின் அலைகரை அப்படியே இருக்க, அது கொள்ளும் நீர் குறைகிறது; சிறுபோகத்துக்கு எஞ்சும் நீரும் அவ்வளவாற் குறைகிறது. மறுபகுதி வாவியை அடைந்து அதன் அடித்தளத்தை உயர்த்துகிறது. ஆழம் குறைந்த வாவி சிறு மழைக்கே கரை மீறுகிறது. பின்னர் உழவரும் மீனவரும் முகத்துவாரத்திற் சண்டையிடுகின்றனர்; மேட்டிற் காட்டை வெட்டியவன் வேறெங்கோ இருந்து வேடிக்கை பார்க்கிறான்!

'கொசுக்காடு' என்பாருக்கு

வாவிக் கரையில் நிற்கும் கண்டலையும் கண்ணாவையும் கிண்ணையையும் தில்லையையும் 'கொசுக்காடு' என்று இகழ்ந்து, அழித்து, மண் நிரப்பிக் காணியாக்கும் கெட்டிக்காரர் நம்மிடையே பெருகிவிட்டனர். இவர்களுக்குச் சதுப்பு வெறும் நிலமாகத் தெரிகிறது. ஆனால் அங்கே நடைபெறுவது என்ன? கடலில் முட்டையிலிருந்து வெளிப்பட்ட இறாற்குஞ்சு, முகத்துவாரத்தின் வழியே வாவிக்குள் நுழைந்து, கண்டல் வேர்களின் இடுக்கிற் பதுங்கி வளர்கிறது. முதிர்ந்தபின் கடலுக்குத் திரும்பி இனம் பெருக்குகிறது. நண்டுக்கும் மீன்குஞ்சு பலவற்றுக்கும் அதுவே தொட்டில். உதிர்ந்து மட்கும் கண்டல் இலையே அவற்றின் முதலுணவு. தொட்டிலை எரித்துவிட்டுப் பிள்ளை வளரவில்லையென்று அழுவாரை என்னென்பது?

'மீன்பாடும் தேனாடு' என்று மேடைதோறும் முழங்குகிறோம். வாவியைப் பாடாத வரவேற்புரை இல்லை; மீனைப் பொறிக்காத மாலைப் பத்திரிகை இல்லை. பாடுவதற்கு மீன் வேண்டுமே! சுமார் 56 கிலோமீற்றர் நீண்டு கிடக்கும் வாவியின் கரையில், ஒவ்வோர் ஊரும் பத்துப் பாகம் கண்டலை விழுங்கினால், நாளை எஞ்சுவது பாட்டு மட்டுமே.

"கண்டலை அகற்றி இறாற்பண்ணை அமைப்போம், அந்நியச் செலாவணி குவியும்" என்பது மற்றொரு வாதம். இவ்வாதத்தின் முடிவைக் காணக் கடல் கடந்து போகவேண்டுவதில்லை. வடமேற்கே புத்தளம் வாவியோரத்தில் கண்டலும் உப்புச் சதுப்பும் அழிக்கப்பட்டுப் பண்ணைகள் வரிசை வரிசையாக எழுந்தன. 1996 இல் வெண்புள்ளி நோய் பரவிற்று. இறால் மாண்டது, பண்ணைகள் பல கைவிடப்பட்டன. இலாபம் கண்டவர் இலாபத்தோடு சென்றனர். வெட்டிய குழிகளும் உவர்நிலமும் ஊராருக்கு மிஞ்சின. அண்மை ஆண்டுகளில் வாகரையில் இறாற்பண்ணைத் திட்டத்தையும் இல்மனைற்று அகழ்வையும் எதிர்த்து மக்கள் வீதிக்கு இறங்கினார்களென்றால், அதை அறியாமையின் கூக்குரல் என்று தள்ளிவிட முடியுமா? புத்தளத்தாரின் பாடத்தை அவர்கள் தமது செலவில் மீண்டும் படிக்க மறுத்தார்கள் என்பதே உண்மை.

கடலின் சீற்றத்தை அறியாதவர் அல்லர் இக்கரை மக்கள். 1978 நவம்பரில் வீசிய சூறாவளி தென்னந்தோப்புகளைச் சாய்த்துச் சென்றதை முதியோர் இன்றும் கூறுவர். 2004 டிசம்பர் 26 இல் ஆழிப்பேரலை எடுத்துச் சென்ற உயிர்களுக்காக இக்கரையில் ஆண்டுதோறும் விளக்கேற்றுகிறோம். அப்பேரலையின் பின் தமிழகத்துப் பிச்சாவரப் பகுதியை ஆராய்ந்தோர், கண்டற்காட்டின் பின்புறமிருந்த குடியிருப்புகளிற் சேதம் குறைவாயிருந்ததாக எழுதினர். கண்டலால் மட்டும் அவை தப்பினவா, மேட்டிலும் தூரத்திலும் இருந்ததனால் தப்பினவா என்று அறிஞர் வாதிட்டுக்கொண்டிருக்கலாம். புயற்கால அலையின் வேகத்தை அடர்ந்த கண்டல் தணிக்கும் என்பதிலும், கரைமண்ணை அதன் வேர் பற்றி நிற்கும் என்பதிலும் வாதமில்லை. வெட்டுவோரிடம் நாம் கேட்பது இதுதான்: இருக்கின்ற சுவரை இடித்துவிட்டு, அது எத்தனை முழம் தாங்கும் என்று பேரலையிடமா கேட்கப்போகிறீர்கள்?

வெட்டியவர் யாவர்?

1956 இல் இலங்கையின் நிலப்பரப்பில் நூற்றுக்கு 44 பங்கு காடாக இருந்தது. 2010 இல் எடுத்த கணக்கில் அது நூற்றுக்கு 30 பங்குக்கும் சற்றுக் குறைந்துவிட்டது. ஒரு மனிதனின் ஆயுளுக்குள் இவ்வளவு காட்டை விழுங்கியவர் யாவர்? "சேனைப் பயிர் செய்யும் ஏழை" என்று விரல் நீட்டுவது எளிது. சேனைக்காரன் வெட்டினான், மறுப்பதற்கில்லை. ஆனால் முன்னாளில் அவன் ஓரிரு போகத்தின் பின் நிலத்தை மீண்டும் காடாக விட்டு அகன்றான். திரும்ப முளைக்கவிடாமல் வெட்டியவை பெருந்திட்டங்கள். 1949 இல் தொடங்கிய கல்லோயாத் திட்டமும், 1977 இன் பின் விரைவுபடுத்தப்பட்ட மகாவலித் திட்டமும் பரந்த காடுகளை வயலாகவும் குடியேற்றமாகவும் மாற்றின. நெல் விளைந்தது, உண்மை. ஆனால் காட்டை இழந்த யானைக்கு எவரும் காணிப் பத்திரம் எழுதிக் கொடுக்கவில்லை. ஆதலால் அது இன்று படுவான்கரை வயலுக்கும் வாடிக்கும் வீட்டுக்கும் வருகிறது. 2023 ஆம் ஆண்டில் மட்டும் இந்நாட்டில் 400க்கும் மேற்பட்ட யானைகள் மாண்டன; யானைகளால் 150க்கும் மேற்பட்ட மனிதர் உயிரிழந்தனர். இரவெல்லாம் வெடி கொளுத்திக் கண்விழித்துக் காவலிருக்கும் உழவன், காடழிவின் வட்டியைத் தன் உயிரால் செலுத்துகிறான்.

போரும் தன் பங்கை எடுத்துக்கொண்டது. 2009 வரை நீண்ட போரிற் பாதுகாப்பின் பேரால் வீதியோரத்திலும் வாவியோரத்திலும் வெட்டுண்ட மரங்களுக்கு எவரிடத்தும் கணக்கில்லை. துப்பாக்கி ஓய்ந்தபின் மரவியாபாரியின் வாளும், மணல் ஏற்றும் வண்டியும் ஓயாது இயங்கின. இப்பட்டியலில் நம்மையும் சேர்க்காவிடின் நேர்மையாகாது. வாவிக் கரையை ஓரடி ஓரடியாக நிரப்பி வேலியைத் தள்ளிப் போட்டவர் பிறநாட்டார் அல்லர். வேலிக் கதிகாலுக்கும் விறகுக்கும் கண்டலை வெட்டியவரும், சதுப்பைக் குப்பைமேடாக்கியவரும் நம்மவரே. பிறரைக் குற்றங்கூறும் வாய் தன் வீட்டுக் கொல்லையையும் பார்க்கட்டும்.

நடுகை விழாவும் நட்ட மரமும்

"அதற்குத்தான் மரநடுகை விழா நடத்துகிறோமே" என்பார் உளர். நடத்துகிறார்கள்! பந்தல், மாலை, பேச்சு, படம் யாவும் குறைவின்றி நடக்கின்றன. ஆழிப்பேரலைக்குப் பின் இலங்கையின் கரையோரமெங்கும் நடப்பட்ட கண்டலின் கதையை 2017 இல் ஆய்வாளர் வெளியிட்டனர். 23 இடங்களைச் சென்று பார்த்தனர். ஆயிரம் ஹெக்டேயருக்குக் குறையாத பரப்பில் நடப்பட்டதில், ஏறத்தாழ ஐந்திலொரு பங்கே தப்பியிருந்தது. 9 இடங்களில் ஒரு கன்றுகூட உயிரோடு இல்லை. காரணம் என்ன? எந்த இனம் எந்த நீர்மட்டத்தில் வளரும் என்று கேளாமல் நட்டனர். நட்டபின் ஆடு மாடு மேய்கிறதா என்று திரும்பியும் பார்க்கவில்லை. வாவிக்கரையிற் பிறந்து வளர்ந்த மீனவனை ஒரு வார்த்தை கேட்டிருந்தாற் சொல்லியிருப்பான்! 2024 இல் இந்நாட்டின் கண்டல் மீட்புப் பணியை ஐக்கிய நாடுகள் சபை உலக முன்மாதிரிகளுள் ஒன்றாகப் பாராட்டியது. மகிழ்ச்சி. அப்பாராட்டும் நீர்மட்டமறிந்து, இனமறிந்து, ஊராரைச் சேர்த்துக்கொண்டு செய்யும் பணிக்கே உரியது என்பதை விழாக்காரர் மறவாதிருப்பாராக. நின்ற காட்டைக் காப்பதற்கு நிகரான நடுகை கிடையாது.

திணைக்களத்துக்குத் துதி பாடுகிறோமா?

இவ்வளவும் கூறக் கேட்ட உழவர் ஒருவர் நம்மை நோக்கி, "அப்படியாயின் நீங்களும் எல்லைக் கல் நாட்டுவோர் பக்கமா?" என்று வினவலாம். நியாயமான வினா. போரில் ஊரைவிட்டு ஓடிய மக்கள் திரும்பி வந்தபோது, அவர்களது வயலிலும் மேய்ச்சற்றரையிலும் பற்றை வளர்ந்திருந்தது. அப்பற்றையைக் காடு என்று வரைபடத்திற் குறித்து, உரியவனையே அத்துமீறியவனாக்கிய துயரை வடக்கிலும் கிழக்கிலும் எண்ணற்றோர் முறையிட்டிருக்கின்றனர். அம்முறைப்பாடு நீதியானது; அது தீர்க்கப்படவேண்டும். உழவனின் பட்டா நிலத்தைப் பறித்துப் பெறும் காடு, நாம் வேண்டும் காடன்று.

எனினும் திணைக்களத்தின்மீதுள்ள கோபத்தைக் காட்டின்மீது தீர்ப்பது அறிவாகுமா? 1907 ஆம் ஆண்டு ஆங்கிலேயர் இயற்றிய வனக் கட்டளைச் சட்டம், காட்டை அரசின் உடைமையாகவும் ஊரவனைத் திருடனாகவும் நோக்கிற்று. பல திருத்தங்களின் பின்னும் அந்நோக்கின் வாடை முற்றாக நீங்கவில்லை. 2001 இல் வந்த ஒரு சுற்றறிக்கை, ஒதுக்கப்படாது எஞ்சிய அரச காடுகளை வனத் திணைக்களத்தின் பொறுப்பில் விட்டது. 2020 இல் அது நீக்கப்பட்டு, அக்காடுகள் மாவட்ட, பிரதேச செயலாளர்களின் கைக்கு மாற்றப்பட்டன. ஒரு மேசையிலிருந்து மற்றொரு மேசைக்குக் கோப்பு நகர்ந்தது. காட்டின் ஓரத்தில் வாழ்கின்றவனை இரு மேசையும் கேட்கவில்லை! காட்டின் பேரால் அவனை விரட்டுவதும், அவன் பேரால் காட்டைக் கூறுபோடுவதும் ஒரே அதிகாரத்தின் இரு கைகள். இரண்டையும் மறுப்பதே நமது நிலை.

மாற்று வழி உண்டா எனின், இமயத்தின் அடியிலுள்ள நேபாளத்தைப் பாருங்கள். 1993 ஆம் ஆண்டுச் சட்டத்தின்மூலம் அந்நாடு காடுகளை ஊர்க் குழுக்களின் காவலில் ஒப்படைத்தது. இருபதினாயிரத்துக்கும் மேற்பட்ட குழுக்கள் அமைந்தன. விறகும் புல்லும் சருகும் எவ்வளவு எடுப்பதென்று ஊராரே விதி வகுத்தனர். மீறியவனுக்கு ஊராரே தண்டம் விதித்தனர். 1992 இல் நூற்றுக்கு 26 பங்களவிலிருந்த காடு, 2016 இல் 45 பங்களவுக்கு உயர்ந்தது. மலைநாட்டு ஏழை உழவரால் இயன்றது, வட்டவிதானையின் சொல்லுக்குக் கட்டுப்பட்டு வாய்க்கால் நீரைப் பங்கிட்டுப் பழகிய மட்டக்களப்பு உழவரால் இயலாதா? நீரைக் காக்க ஒழுங்கு கண்டவர் காட்டைக் காக்கவும் காண்பர். உரிமையைக் கொடுத்துப் பாருங்கள்!

நாம் வேண்டுவன

ஆதலின் நாம் வேண்டுவது இவையே. முதலாவது, தேற்றாத்தீவிலும் அதன் அயலூர்களிலும் வாவிக்கரையின் எல்லையை ஊரார் முன்னிலையில் அளந்து, கண்டல் நிற்கும் இடத்தையும் நிரப்பப்பட்ட இடத்தையும் பகிரங்கமாகக் குறிக்கவேண்டும். இனி ஒரு கூடை மண்ணும் அங்கே விழக்கூடாது. எல்லாக் கண்டற்காடுகளையும் காப்போம் என்று 2015 இல் உலகறிய அறிவித்த நாடு, அவ்வறிவிப்பை வாவிக்கரையில் மெய்ப்பிக்கட்டும். இரண்டாவது, குளங்களின் மேலே நீர் திரளும் மேட்டுநிலக் காட்டை எவர் பெயராலும் எத்திட்டத்தின் பெயராலும் வெட்டலாகாது. மூன்றாவது, போர்க்காலத்திற் பற்றை மூடிய உழவர் நிலத்தை உரியவருக்கு மீட்டுக் கொடுத்துவிட்டு, மெய்யான காட்டுக்கு மெய்யான எல்லை வகுக்கவேண்டும். நான்காவது, அவ்வெல்லையைக் காக்கும் அதிகாரத்தில் உழவர் அமைப்புக்கும் மீனவர் சங்கத்துக்கும் சட்டப்படி பங்கு வேண்டும்.

இவற்றை அரசு தானாகத் தரும் என்று நாம் நம்பவில்லை. கேட்கத் தெரிந்தவர் கேட்கவேண்டும். தமிழ் வழக்கறிஞரே, ஒரு காணி வழக்கிற் காட்டும் ஊக்கத்தைப் பொதுநிலத்துக்காக ஒருமுறை காட்டுங்கள். பொறியியலாளரே, வாவியின் ஆழம் குறைவதை அளந்து மக்களுக்கு விளங்கும் தமிழில் எழுதுங்கள். வைத்தியரே, இம்மணற்பரப்பின் கிணற்று நீரிற் கலக்கும் உரமும் அழுக்கும் யாதென்று சோதித்துச் சொல்லுங்கள். ஆசிரியரே, சிறுவரைப் புத்தகத்தை மூடிவிட்டு வாவிக்கரைக்கு அழைத்துச் செல்லுங்கள். உழவர் பெருமக்களே, முகத்துவாரத்தில் நீங்கள் எதிர்த்து நிற்கும் மீனவர் உங்கள் பகைவர் அல்லர். மேட்டிற் காட்டை இழந்து நீரால் நீங்கள் வருந்துகிறீர்கள். கரையிற் கண்டலை இழந்து மீனின்றி அவர்கள் வருந்துகிறார்கள். இருவருக்கும் வழக்கு ஒன்றே. ஒன்றாக நின்று அதைப் பேசுங்கள்.

தேற்றாங்கொட்டை நீரிற் புதிதாக எதையும் படைப்பதில்லை. கலங்கலைத் திரட்டி அடியிற் படியவைக்கிறது, அவ்வளவே. நீர் தன் இயல்பிலே தெளிவுடையது. நம் மக்களின் அறிவும் அத்தகையதே. 'மரமா மனிதனா' என்னும் கலங்கலை எவரெவரோ தமது ஆதாயத்துக்காக அதிற் கரைத்துவிட்டனர். அக்கலங்கல் படியட்டும். வருகின்ற மாரிக்கு முன், தேற்றாத்தீவின் ஒவ்வொரு வளவிலும் ஒரு தேற்றாங்கன்று நடப்படட்டும். பந்தலும் மாலையும் வேண்டா. அக்கன்றுக்கு நீர் வார்க்கும் சிறுவன், தன் ஊர்ப் பெயரின் பொருளை அறிவான். அறிந்தவன் வாவிக்கரைக் கண்டலின்மேற் கத்தி வைக்க எவரையும் விடான்.